நிறுக்கிறவர் யார்? – சான்றிதழுக்குக் காசு கட்டுமுன் கேட்கவேண்டிய கேள்வி

(எமது நலன்புரி நம்பிக்கை நிதியத்தின் கல்விச் சுற்றுலாவில் பருத்தித்துறைக்கு வந்திருந்த தோட்டப் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் அவ்வூர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. சுற்றுலாவுக்கு வர முடியாத குடும்பங்களும் படிக்க வேண்டும் என்பதால் பேசியபடியே பெரும்பாலும் இங்கு தருகிறோம்.)



மலையிலிருந்து விடிய விடியப் பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். கடலைப் பார்த்துவிட்டீர்கள், வெளிச்ச வீட்டையும் பார்த்துவிட்டீர்கள். எங்கட ஊர்த் தட்டை வடையையும் கடித்துப் பார்த்திருப்பீர்கள். அது கொஞ்சம் கடினம்தான். ஆனால் பல நாள் வைத்திருந்தாலும் கெடாது. நான் இன்றைக்குப் பேசப்போகிற விஷயமும் அந்த வடை மாதிரித்தான். கடிக்கக் கடினம், ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருக்கலாம்.

எழுபதுகளின் கடைசியில் ஹற்றன் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆறு வருடம் படிப்பித்தவன் நான். லயத்துப் பிள்ளைகள் கொழுந்துக் கூடை சுமக்கிற தாய்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து முதலாம் வகுப்பில் சேர்ந்ததைப் பார்த்தவன். அந்தப் பிள்ளைகளில் சிலபேர் இன்றைக்கும் என்னோடு தொலைபேசியில் கதைக்கிறார்கள். அப்படிக் கதைத்த ஒரு அம்மாவின் வீட்டில் நடந்ததைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். அவருடைய பெயரும் ஊரும் வேண்டாம். ஏமாந்தவர்களைச் சந்திக்கு இழுப்பது முறையில்லை.

ஒரு தங்கச் சட்டம் போட்ட காகிதம்

2019ஆம் ஆண்டு. அந்த அம்மாவின் மகள் சாதாரண தரம் எழுதினாள். தமிழ், வரலாறு, சமயம் எல்லாம் சித்தி. கணிதம் மட்டும் தவறிவிட்டது. பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு கையடக்கத் தொலைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. "கணிதம் தேவையில்லை. வீட்டிலிருந்தே ஆறு மாதத்தில் வெளிநாட்டு உயர்தரச் சான்றிதழ். உலகமெங்கும் ஏற்கப்படும்" என்று.

அம்மா எனக்கு எடுத்தார். "மாஸ்டர், இப்படி ஒரு படிப்பு வந்திருக்கு, புள்ளைய சேர்க்கலாமா?" என்று கேட்டார். நான் அப்போது என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அறுபத்தையாயிரம் ரூபாய், மூன்று தவணை. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அப்பா சீட்டுக் காசை எடுத்தார். பட்டணத்தில் ஒரு கடைக்கு மேலே ஒரேயொரு அறை. சுவரில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டிடத்தின் படம். படிப்பு என்று வந்தது தொலைபேசிக்கு அனுப்பிய பதினொரு பாடக் கோப்புகள். ஆசிரியர் யாரென்று கடைசிவரை தெரியாது. பரீட்சை என்று வந்தது இருபது கேள்விகள், சரியான விடையைத் தொட்டால் போதும். பிள்ளை பாதியை அனுமானத்தில் தொட்டாள். எல்லாப் பாடத்துக்கும் 'ஏ' வந்தது.

பிறகு சான்றிதழ் வந்தது. தங்கக் கரை, சிவப்பு முத்திரை, மூன்று கையெழுத்து. அப்பா அதற்குச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பிள்ளை அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பராமரிப்பாளர் பயிற்சிக்காக ஒரு அரசாங்கப் பயிற்சி நிலையத்துக்குப் போனாள். அங்கேயிருந்த அலுவலர் நல்ல மனுசி. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, இது எந்த நாட்டுப் பரீட்சை? இதை நடத்தினது யார்?"

பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. பதில் சொல்லக்கூடிய ஆள் இருந்த அந்த மேல்மாடி அறை அடுத்த மாதமே பூட்டியிருந்தது.

காசு போட்டால் காகிதம்

இப்படிப்பட்ட இடங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'டிப்ளோமா மில்'. நெல்லைப் போட்டால் அரிசி வருவது அரிசி மில். இங்கே ஒரு பக்கம் காசைப் போட்டால் மற்றப் பக்கம் சான்றிதழ் வரும். நடுவில் படிப்பு என்ற ஒன்று இல்லை. நாங்கள் தமிழில் 'சான்றிதழ்க் கடை' என்று சொல்லுவோம்.

ஏமாறுவது தோட்டத்துச் சனம்தான் என்று நினைக்காதீர்கள். பணக்கார நாட்டிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் ஏமாந்தார்கள். அமெரிக்காவில் 'பெல்ஃபோர்ட் உயர்நிலைப் பாடசாலை' என்று ஒன்று இணையத்தில் இருந்தது. வீட்டிலிருந்தே உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் எடுக்கலாம் என்றது. 2006இல் ஒரு பெண் அதற்கு 249 டொலர் கட்டினார். இருபது கேள்வியில் ஒரு சோதனை வைத்தார்கள். வரும் என்று சொன்ன பாடங்கள் வரவேயில்லை, நேரே சான்றிதழ் வந்தது. அதைக் கொண்டு கல்லூரிக்குப் போனார். இது செல்லாது என்றார்கள். எங்கட பிள்ளைக்கு நடந்தது அப்படியே, இருபது கேள்வி உட்பட.

2009இல் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 30,000 பேருக்கு மேல். 2012இல் நீதிமன்றம் 2 கோடியே 27 இலட்சம் டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. ஆனால் அந்தப் பாடசாலைக்கு ஒரு கட்டிடமும் இல்லை, ஒரு வகுப்பறையும் இல்லை.

2015 மே மாதம் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை உண்மையை வெளியிட்டது. பாகிஸ்தானின் கராச்சி நகரத்தில் 'அக்ஸாக்ட்' என்ற கம்பனி ஏறக்குறைய 370 இணையத்தளங்களை நடத்திக்கொண்டிருந்தது. பல்கலைக்கழகம் என்று சில, உயர்நிலைப் பாடசாலை என்று சில. இன்னும் சில, இந்தப் பாடசாலைகளையே 'அங்கீகரிக்கிற சபைகள்'. கவனியுங்கள். பொய்ப் பாடசாலையும் அவர்களுடையது, அதற்கு நற்சான்று கொடுக்கிற பொய்ச் சபையும் அவர்களுடையது. பேராசிரியர் என்று படத்தில் சிரித்தவர்கள் சம்பளத்துக்கு நடித்தவர்கள். அந்தக் கம்பனியின் அதிகாரி ஒருவர் 2017இல் நியூயோர்க்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 21 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இன்னொன்றும் அந்தச் செய்தியில் இருந்தது. வாங்கினவர்களை அதோடு விடவில்லை. பிறகு அரசாங்க அதிகாரி மாதிரிக் கதைத்து, "உங்கட சான்றிதழை உறுதிப்படுத்த இன்னும் காசு கட்டுங்கோ, இல்லாவிட்டால் பிடிபடுவீர்கள்" என்று பயமுறுத்திப் பறித்தார்கள். ஆகவே முதலில் கட்டின காசோடு நட்டம் முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

எங்கட நாட்டிலும் சான்றிதழ் என்பது எவ்வளவு பாரமான விஷயம் என்று அண்மையில் பார்த்தோம். 2024 டிசம்பரில் பாராளுமன்றச் சபாநாயகரே பதவி விலக நேர்ந்தது. கலாநிதிப் பட்டம் உண்டென்று சொல்லப்பட்டது. தம்மிடம் பட்டம் உண்டு, ஆனால் ஆவணங்களை உடனே காட்ட முடியவில்லை என்றார் அவர். உண்மை எதுவானாலும், காட்டு என்று கேட்டால் காட்ட வேண்டியிருக்கிறது. சபாநாயகரிடம் கேட்பவர்கள் எங்கட பிள்ளையிடம் கேட்காமல் விடுவார்களா?

தூரத்திலிருந்து படிப்பது பிழையில்லை

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப வீட்டிலிருந்து படிக்கிற படிப்பு எல்லாம் ஏமாற்றா?" என்று கேட்பீர்கள். இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த ஊர் நல்ல இடம்.

இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே வெளியில் இருந்து படிக்கிறவர்களுக்குப் பரீட்சைக் கதவைத் திறந்தது. எங்கட வடமராட்சியிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ ஆசிரியர்கள் பகலில் படிப்பித்துவிட்டு, இரவில் தாங்கள் படித்து, இலண்டன் வெளிவாரிப் பட்டம் எடுத்தார்கள். இலண்டனைக் கண்ணால் காணாதவர்களே அதிகம். ஆனாலும் அந்தப் பட்டத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. ஏன்?

படிப்பித்தது ஒருவர், அல்லது தானே படித்தது. கேள்வித்தாள் தயாரித்தது இன்னொருவர். பரீட்சை மண்டபத்தில் காவல் நின்றது மூன்றாமவர். விடைத்தாளைத் திருத்தியவருக்கு எழுதினவரின் பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. அதனால் அந்தக் காகிதத்துக்குப் பாரம் இருந்தது.

இந்த ஊரில் ஹாட்லிக் கல்லூரி இருக்கிறது. 1838இல் பீற்றர் பேர்சிவல் என்ற மெதடிஸ்த பாதிரியார் தொடங்கிய பாடசாலை. அங்கே படித்தவர்தான் பேராசிரியர் அழகையா துரைராஜா. கேம்பிரிட்ஜ் வரைக்கும் போய்க் கலாநிதிப் பட்டம் பெற்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து 1994இல் காலமானார். யுத்த காலத்தில் துணைவேந்தராக இருந்தும் சைக்கிளில் போய்வந்த மனிதர்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. வருடக்கணக்காக வரவில்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள். நான் படிப்பித்த வகுப்பில் காலையில் வந்த பிள்ளைகளின் மூக்குத் துவாரம் கறுத்திருக்கும், விளக்குப் புகை. அந்தப் பிள்ளைகள் எழுதியது கொழும்பில் எழுதிய பிள்ளைகளின் அதே கேள்வித்தாள். "குண்டு விழுகிறது, ஆகவே பத்துப் புள்ளி கூட்டிப் போடுங்கோ" என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் அந்தப் பெறுபேற்றைக் கொண்டு கனடாவுக்குப் போனவனும் சரி, கொழும்புக்குப் போனவனும் சரி, தலை நிமிர்ந்து காட்ட முடிந்தது.

கொழுந்துத் தராசு

தாய்மாரே, இனி உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நிற்கிறீர்கள். முதுகிலே கூடை. உங்களுக்குத் தெரியும், இத்தனை கிலோ இருக்கும் என்று. ஆனால் தண்ணீருக்கு ஒரு கிலோ, கூடைக்கு ஒரு கிலோ என்று கழிப்பார்கள். கேட்டால் சண்டை. ஏன் அந்தச் சண்டை தலைமுறை தலைமுறையாகத் தீரவில்லை? கொழுந்தை வாங்குகிறவரும் தராசைப் பிடிக்கிறவரும் ஒரே பக்கத்து ஆட்கள். தராசு வேறொருவர் கையில் இருந்திருந்தால் பாதிச் சண்டை வந்திராது.

சான்றிதழுக்கும் இதே கணக்குத்தான். காசு வாங்குகிறவர், படிப்பிக்கிறவர், சோதனை வைக்கிறவர், புள்ளி போடுகிறவர், சான்றிதழ் அடிக்கிறவர் எல்லாம் ஒரே ஆள் என்றால், அந்தத் தராசை நம்பக்கூடாது. கொழுந்துத் தராசில் குறைத்துக் காட்டுவார்கள். சான்றிதழ்க் கடைத் தராசில் கூட்டிக் காட்டுவார்கள். இரண்டிலும் நட்டம் உங்களுக்குத்தான்.

ஆகவே யாராவது வந்து ஒரு படிப்பைச் சொன்னால், முதல் கேள்வி "எவ்வளவு காசு?" என்று கேட்காதீர்கள். "நிறுக்கிறவர் யார்?" என்று கேளுங்கள். பரீட்சை நடத்துகிறது யார்? எந்த மண்டபத்தில்? யார் சான்றிதழ் தருகிறது?

இந்த நாட்டில் தராசு யார் கையில்?

பிள்ளைகள் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று. சாதாரண தரம், உயர்தரம் என்றால் அதற்கு ஒரேயொரு இடம்தான்: பத்தரமுல்லை, பெலவத்தையில் உள்ள இலங்கைப் பரீட்சைத் திணைக்களம். எந்த டியூட்டரியும் க.பொ.த. சான்றிதழ் தர முடியாது. பாடசாலையை விட்டவர்களும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம். ஒரு சான்றிதழ் உண்மையா என்று பார்க்க ஆண்டும் சுட்டெண்ணும் போதும், திணைக்களத்திடம் கேட்கலாம். தொலைபேசி 1911.

இரண்டு. தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தனியார் பயிற்சி நிலையங்கள் அங்கே பதிவு செய்ய வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நிலையம் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, அங்கே நடக்கிற குறிப்பிட்ட பாடநெறி தரம் அங்கீகரிக்கப்பட்டிருப்பது வேறு. ஒரு நல்ல பாடநெறிக்கு அங்கீகாரம் எடுத்துவிட்டு, அதே பலகையைக் காட்டி வேறு பத்துப் பாடநெறி விற்கலாம். "உங்கட நிலையம் பதிந்ததா?" என்று மட்டும் கேட்டால் "ஓம்" என்பார்கள், அது பொய்யுமில்லை. "நான் சேரப்போகிற இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. கிடைக்குமா, எத்தனையாம் மட்டம்?" என்று கேட்க வேண்டும். என்.வி.கியூ. என்பது தேசிய தொழிற்தகைமை, ஏழு மட்டங்கள் உண்டு. நான்கு வரைக்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம்.

மூன்று. பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்று சொன்னால், அது ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்று அங்கே கேட்டு அறியலாம்.

நான்கு. எடெக்செல், கேம்பிரிட்ஜ் என்ற பிரித்தானியப் பரீட்சைகள் உண்மையானவைதான். ஆனால் அவையும் அனுமதி பெற்ற நிலையத்தில் எழுதுகிற பரீட்சைகள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது காசு கேட்டால், "பரீட்சை எழுதுகிற நிலையம் எது?" என்று கேட்டு, அந்த நிலையத்தையே விசாரியுங்கள்.

எல்லாவற்றிலும் ஒரு விதியை மறக்காதீர்கள். விற்கிறவரிடமே விசாரிக்கக் கூடாது. விற்கிறவர் தந்த தொலைபேசி இலக்கத்திலும் விசாரிக்கக் கூடாது. இலக்கத்தை நீங்களே வேறு வழியில் தேடி எடுங்கள். பொய்ப் பாடசாலைக்குப் பொய் அங்கீகாரச் சபையும் இருந்ததை இப்போதுதானே சொன்னேன்.

போகிற இடத்தில் முதலில் கேள்

இன்னொரு விதி இதைவிட முக்கியம். சான்றிதழைக் கொண்டு எங்கே போகப்போகிறீர்களோ, அங்கே முதலில் கேளுங்கள். தாதிப் பயிற்சிக்கா, முன்பள்ளி ஆசிரியர் வேலைக்கா, ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலைக்கா, மத்திய கிழக்குக்கா? அந்த இடத்துக்குப் போய், "இன்ன இடத்துச் சான்றிதழை ஏற்பீர்களா?" என்று கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். ஒரு பஸ் காசு, ஒரு நாள் பேர் போகும். தோடு போகாது.

வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் சான்றிதழ்களுக்கு வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தல் வாங்க வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அதற்குக் கிளை உண்டு. அங்கே முத்திரை விழாத காகிதம் விமான நிலையம் தாண்டிப் போய் என்ன செய்யப்போகிறது?

போலி என்று தெரிந்துகொண்டே ஒரு ஆவணத்தை உண்மை என்று கொடுப்பது எங்கட தண்டனைச் சட்டக் கோவையின்படி குற்றம். விற்றவன் பூட்டிக்கொண்டு போய்விடுவான். காகிதத்தோடு கவுண்டரில் நிற்பது உங்கள் பிள்ளை.

அவர்களின் கதை எப்படியிருக்கும்?

சில அடையாளங்களைச் சொல்கிறேன். ஒன்று இருந்தால் யோசியுங்கள், இரண்டு இருந்தால் திரும்பி வாருங்கள்.

"இன்றைக்குக் கட்டினால் பாதிக் காசு, நாளைக்கு விலை கூடும்" என்பார்கள். நல்ல படிப்புக்குப் பெருநாள் விற்பனை கிடையாது.

"உங்கட வாழ்க்கை அனுபவத்துக்கே சான்றிதழ் தருகிறோம்" என்பார்கள். அனுபவத்தை மதிக்கிற உண்மையான வழி ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன். அதில் மதிப்பீட்டாளர் வந்து உங்கள் கைவேலையைப் பார்ப்பார். பார்க்காமல் தருகிறவர் உங்கள் அனுபவத்தை மதிக்கவில்லை, உங்கள் பையைத்தான் மதிக்கிறார்.

"சர்வதேச அங்கீகாரம்" என்பார்கள். எந்தச் சபை என்று கேட்டால் நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று வரும். பெயர் நீளமாக இருந்தால் பயப்படாதீர்கள். எழுதி வாங்கிக்கொண்டு வந்து, உங்கள் பாடசாலை அதிபரிடம் அல்லது வலயக் கல்வி அலுவலகத்தில் காட்டுங்கள்.

"தோற்றவரே இல்லை, நூறு வீதம் சித்தி" என்பார்கள். பரீட்சை என்றால் தோல்வியும் இருக்கும். தோற்கவே முடியாத பரீட்சையில் வென்று என்ன பயன்?

பற்றுச்சீட்டுத் தரமாட்டார்கள், அல்லது காசைத் தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்வார்கள்.

உண்மையான வழிகள்

கூடாது, கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நல்ல ஆசிரியனுக்கு அழகில்லை. வழிகள் உண்டு. கொஞ்சம் மெதுவான வழிகள்.

கணிதம் தவறினவர்கள் மறுபடி எழுதலாம். கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' என்ற இணையத்தளத்தில் தமிழில் பாடங்கள் இலவசமாக உண்டு. கொரோனாக் காலத்தில் 2020, 2021இல் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறின பிள்ளைகள் நீங்கள். அந்தக் கால் வலிக்கு இப்போதாவது பயன் இருக்கட்டும்.

சாதாரண தரம் சித்தியடையாதவர்களும் பாடசாலையில் தொடர்ந்து தொழிற்பாடப் பிரிவில் படிக்கும் திட்டம் 2017இல் தொடங்கியது, '13 ஆண்டு உத்தரவாதக் கல்வி' என்பார்கள். உங்கள் பக்கத்தில் எந்தப் பாடசாலையில் உண்டு என்று வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வேலை தெரிந்தும் காகிதம் இல்லாதவர்கள், மேசன், தச்சு, மின்சாரம், தையல் செய்கிறவர்கள், முன்பு கற்றதை மதிப்பிட்டு என்.வி.கியூ. தரும் முறைக்கு விண்ணப்பிக்கலாம். நான் முன்னே சொன்ன உண்மையான வழி இதுதான். நீங்கள் செய்து காட்ட வேண்டும், மதிப்பீட்டாளர் பார்த்துச் சொல்வார்.

தூரத்திலிருந்து மேலே படிக்க விரும்பினால் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இருக்கிறது. கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் பிராந்திய நிலையம் உண்டு. 18 வயது நிரம்பியவர்களுக்கு, உயர்தரம் இல்லாதவர்களுக்கும்கூட, அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே போகும் பாதை இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பற்றுச்சீட்டு, வங்கித் துண்டு, தொலைபேசியில் வந்த செய்திகள் எதையும் அழிக்காமல் வையுங்கள். பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். தொழிற்பயிற்சி நிலையம் என்றால் மூன்றாம்நிலை ஆணைக்குழுவுக்கும் அறிவியுங்கள். காசு திரும்பி வரும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆனால் ஒரு முறைப்பாடு பதிந்தால் அடுத்த லயத்துப் பிள்ளை தப்பக்கூடும். அந்தக் காகிதத்தை இனி எந்த விண்ணப்பத்திலும் சேர்க்காதீர்கள்.

அந்தப் பிள்ளையின் மிச்சக் கதை

நான் தொடங்கின கதையை முடிக்க வேண்டும்.

அந்த அலுவலர் சிவப்பு முத்திரைக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உன்னுடைய சாதாரண தரப் பெறுபேறு இருக்கா?" என்று கேட்டாராம். பிள்ளை பையின் அடியில் மடித்து வைத்திருந்த பெறுபேற்றுத் தாளை வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்தாள், கணிதம் தவறிய அந்தத் தாளை. அலுவலர் பார்த்துவிட்டுச் சொன்னார், "இந்தப் பாடநெறிக்கு இது போதுமே தங்கச்சி."

இது போதும்! அறுபத்தையாயிரம் ரூபாய், அம்மாவின் தோடு, அப்பாவின் சீட்டு, ஆறு மாதம், எதுவுமே தேவைப்பட்டிருக்கவில்லை. பிள்ளையின் கையில் ஏற்கெனவே இருந்த உண்மையான காகிதமே கதவைத் திறந்திருக்கும். முதலில் ஒருவரும் அந்தக் கதவைத் தட்டிக் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தபோது நான் சொன்னது இதுதான்: "நல்லதுதானே, பிள்ளை படிக்கட்டும்." எந்த இடம், யார் நடத்துகிறது, எங்கே பரீட்சை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் படிப்பித்தவன், அந்தக் கணக்கைப் போடவில்லை. 'படிப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்குக் கண் மூடிப்போகிறது. அந்தக் கண் மூடுகிற நேரத்தைத்தான் கடைக்காரர் காத்திருக்கிறார்.

பிள்ளை பயிற்சியை முடித்து என்.வி.கியூ. எடுத்தாள். கணிதத்தை மூன்றாம் தரம் எழுதிச் சாதாரண சித்தி பெற்றாள். அந்த 'எஸ்' வந்த அன்றைக்கு எனக்கு எடுத்துச் சொன்னாள். பழைய 'ஏ'க்கள் ஒன்றுக்கும் அவள் அப்படி அழுது சிரிக்கவில்லை. தோடு இன்னும் மீளவில்லை. அந்த அம்மாவின் காதில் வேப்பங்குச்சி இருப்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் குத்துகிறது. அதனால்தான் நலன்புரி நிதியத்தார் என்னைப் பேசக் கேட்டவுடன், வேறு தலைப்பை நான் யோசிக்கவில்லை.

படிக்காதவர்கள் என்று உங்களைச் சொல்கிறவர்கள் உண்டு. கூடையைத் தூக்கினவுடன் எத்தனை கிலோ என்று சொல்லக்கூடிய உங்களுக்குத் தராசைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. அந்தக் கண்ணைச் சான்றிதழ் மேலும் வையுங்கள். நாளைக்கு லயத்தில் யாராவது வந்து கதவைத் தட்டி, ஆறு மாதத்தில் சான்றிதழ் என்று சொன்னால், தேத்தண்ணி கொடுங்கள், மரியாதையாக உட்கார வையுங்கள். பிறகு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: "நிறுக்கிறவர் யார்?"

வாகனம் காத்திருக்கிறது, பிள்ளைகளுக்குப் பசிக்கும். கேள்விகள் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள்.